ஸ்ரீஹரிகோட்டாவுக்கு யாரைக் கூட்டிப் போவது?

கேள்வி: 13 ஜூன் 2025

செய்யாறு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். ஒரு பஸ்ஸுக்குத்தான் பணம் சேரும், வகுப்பிலோ இரண்டு பிரிவு. "ரேங்க் பட்டியலில் முதல் நாற்பது பேரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியர். இன்னொரு ஆசிரியர், "போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அன்றைக்கு ராக்கெட்டும் போகாது, பேசாமல் ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டுக் காட்டுங்கள்" என்கிறார். போவதில் பலன் உண்டா? கூட்டிப் போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

14 ஜூன் 2025

கட்டாயம் போங்கள். ரேங்க் பட்டியலை மட்டும் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நான் வேலை பார்ப்பது பழவேற்காட்டுப் பக்கம், கடலோரப் பள்ளி. ராக்கெட் கிளம்பினால் எங்கள் பிள்ளைகள் மாடியேறிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் வரும், ஜன்னல் கதவு லேசாக அதிரும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி. ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ளே என்ன நடக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்கள் யார் என்று கேட்டால், "விஞ்ஞானிங்க இருப்பாங்க டீச்சர்" என்பதோடு முடிந்துவிடும்.

முதல் முறை கூட்டிப் போனபோது எங்களிடமும் ரேங்க் பட்டியல்தான் கேட்டார்கள். கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை. அந்த இடத்தில் ஏறியவன், அப்பாவோடு படகு இன்ஜின் வேலைக்குப் போகும் ஒரு பையன். தமிழைத் தவிர மற்றப் பாடங்களில் தேறுவதே சிரமம். அங்கே அதிகாரி ஒருவர், மிகக் குளிரான திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் இன்ஜினைப் பற்றி விளக்கினார். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. எல்லோரும் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். இவன் கையைத் தூக்கி, "அவ்ளோ குளிர்ல பைப் சுருங்கிடாதா சார்? கேஸ்கட் லீக் ஆகாதா?" என்றான். அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். எரிபொருளை நிரப்புவதற்கு முன்பே குழாய்களை மெல்ல மெல்லக் குளிர வைப்பதையும், மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பதையும் அவனுக்கு மட்டும் சொல்வதுபோல விரிவாகச் சொன்னார். மற்றவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

அவன் கேட்டது பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. முதல் நாற்பது ரேங்க் என்று கோடு போட்டிருந்தால் அந்தக் கேள்வி ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குள்ளேயே போயிருக்காது.

உங்கள் தலைமை ஆசிரியரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இஸ்ரோவில் இருப்பவர்கள் எல்லோரும் ஐ.ஐ.டி. முடித்தவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்களை டெக்னீஷியன் பணிக்கு எடுக்கிறார்கள்: ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டர்னர். டிப்ளமோ படித்தவர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டன்ட் பணி உண்டு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், விழுப்புரம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டுத்தான் பொறியியலுக்குப் போனார். "நாம இங்க வேலை செய்யலாம்" என்ற நினைப்பு முதலில் வர வேண்டியது மார்க் குறைந்த பிள்ளைகளுக்குத்தான். அதிக மார்க் வாங்குகிறவர்களுக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

15 ஜூன் 2025

போன் விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். ஆமாம், போனும் கேமராவும் உள்ளே கொண்டுபோக முடியாது. பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். கோடு போடாத நோட்டும் பென்சிலும் கொடுங்கள், பார்த்ததை வரையச் சொல்லுங்கள். வரைவதற்கு ஒரு பொருளை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். ஏவுதளத்தைச் சுற்றி நிற்கும் உயரமான கோபுரங்களை எங்கள் பிள்ளைகள் வரைந்துவிட்டு, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்கள். அவை இடிதாங்கிகள். போட்டோ எடுத்திருந்தால் கோபுரம் படத்தில் விழுந்திருக்கும், கேள்வி வந்திருக்காது.

வீடியோ போதும் என்று சொன்ன ஆசிரியருக்கு: வீடியோவையும் போடுங்கள், போவதற்கு முன்பு. அதைப் போகாமல் இருப்பதற்குக் காரணமாக்க வேண்டாம்.

17 ஜூன் 2025

பயண ஏற்பாடு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அனுமதிக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். பள்ளியின் கடிதத் தாளில், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, வருகிறவர்கள் பெயர்ப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள். ஏவுதல் வேலை நடக்கும் நாள்களில் மாற்றுத் தேதி கொடுப்பார்கள், அதனால் இரண்டு மூன்று தேதிகள் எழுதுங்கள். பள்ளிக் கல்வித் துறை அனுமதி, பெற்றோர் ஒப்புதல், ஆதார் நகல் எல்லாம் நீங்கள் அறிந்ததுதான்.

பஸ் எடுப்பவர்கள் ஆந்திர பர்மிட் இருக்கிறதா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். "எல்லாம் இருக்கு" என்ற வாய் வார்த்தையை நம்பி ஒருமுறை தடா பக்கம் சாலையோரத்தில் பிள்ளைகளோடு வெயிலில் காத்துக் கிடந்தோம். வண்டிக்காரர் பர்மிட்டே எடுக்கவில்லை. உள்ளே போக வேண்டிய நேரத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

சென்னையைச் சுற்றி உள்ள பள்ளிகள் ரயிலையும் யோசிக்கலாம். சென்ட்ரலில் இருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து தீவுக்கு மட்டும் வண்டி பேசினால் போதும், செலவு வெகுவாகக் குறையும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம். தயிர்சாதம் வேண்டாம், அந்த வெயிலில் புளித்துவிடும். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் யார் யார் என்று முந்தின நாளே கேட்டு முன் இருக்கை கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் பையில் இருக்கட்டும், ஓர் ஆசிரியை கட்டாயம் கூட வரட்டும்.

சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியின் நடுவே பல கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே தூங்க விடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் போனால் இரண்டு பக்கமும் பூநாரைகள் நிற்கும். ஏவுதளம் வருவதற்கு முன்பு அந்தத் தீவில் யானாதிப் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் அந்தச் சாலையில் போகும்போதே சொல்லிவிடுங்கள். நாட்டுக்காக எடுத்த இடம் யாரோ இருந்த இடம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

22 ஜூன் 2025

ஏவுதல் நாளில் போவதா, சாதாரண நாளில் போவதா என்று கேட்ட வேலூர் டீச்சருக்கு.

இரண்டும் வேறு வேறு பயணம். ஏவுதலைப் பார்க்கப் பொதுமக்களுக்கான கேலரி 2019-இல் திறந்தார்கள், சுமார் 5,000 பேர் உட்காரலாம். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பக்கத்திலேயே ராக்கெட் மாதிரிகளை நிறுத்திய தோட்டமும் அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் அன்றைக்கு ஏவுதளத்துப் பக்கம் யாரும் போக முடியாது. பேசி விளக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஏவுதல் தள்ளிப் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-2 முதலில் 15 ஜூலை 2019 அதிகாலை 2.51-க்குக் கிளம்ப வேண்டியது. 56 நிமிடம் இருக்கும்போது கவுன்ட் டவுனை நிறுத்தினார்கள், ஒரு வாரம் கழித்து 22-ஆம் தேதிதான் போனது. 2023 அக்டோபர் 21-இல், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட் கிளம்ப 5 நொடி இருக்கும்போது நின்றது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அதே காலை 10 மணிக்கு அனுப்பினார்கள். அரசுப் பள்ளி இன்னொரு முறை பஸ் பிடிக்க முடியாது. அதனால் முதல் பயணத்துக்குச் சாதாரண நாள்தான் நல்லது என்பது என் கருத்து.

ஏவுதலுக்கே போகிறீர்கள் என்றால் ஒரு வேலையைக் கட்டாயம் கொடுங்கள். நெருப்பு தெரிந்தவுடன் எண்ணச் சொல்லுங்கள், சத்தம் வந்து சேரும்வரை. ஒலி 1 கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும். எண்ணியதை 3-ஆல் வகுத்தால் ஏவுதளம் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். முதலில் அந்த வெளிச்சம் சத்தமே இல்லாமல் மேலே ஏறும். கூட்டமே கத்தும், எங்கள் பிள்ளைகள் மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். யார் எண்ணியது சரி, எந்த நொடியில் எண்ணத் தொடங்கினோம் என்று வீடு வந்து சேரும்வரை சண்டை. அளவீட்டுப் பிழை பற்றி நான் வகுப்பில் நடத்தியதெல்லாம் அந்தச் சண்டைக்கு ஈடாகாது.

ஏன் கிழக்குக் கடற்கரை என்ற கேள்வியும் வரும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் அட்சரேகையில் நிலம் நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. கிழக்கே ஏவினால் அந்த வேகம் கையோடு கிடைக்கும். கழன்று விழும் பாகங்களும் கடலில் விழும்.

28 ஜூன் 2025

போவதற்கு முந்தின வாரம் மைதானத்தில் செய்ய வேண்டியது, மறப்பதற்குள். 44 மீட்டர் கயிறு அளந்து தரையில் போடுங்கள், அதுதான் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உயரம். ஒரு முனையில் 2.8 மீட்டர் விட்டத்தில் சுண்ணாம்பு வட்டம், அதுதான் அடிப்பகுதி. பிள்ளைகளை வட்டத்துக்குள் நிற்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. சந்திரயான்-3 ஏறிப்போன எல்.வி.எம்.3 ராக்கெட்டின் எடை 640 டன். சந்திரயானின் எடை 3.9 டன். மிச்சம் எல்லாம் என்ன? இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டுப் போன வகுப்பு, எரிபொருள் தொட்டிக்கு முன்னால் நிற்கும் விதமே வேறு.

6 ஜூலை 2025

மேலே ஒருவர் மாட்டு வண்டிப் படத்தைப் போட்டு, "லாரிக்குக் கூடக் காசில்லாமல் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றிப்போன நாடு" என்று எழுதியிருக்கிறார். பெருமையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் காரணம் அதுவல்ல. அது 'ஆப்பிள்' என்ற இந்தியச் செயற்கைக்கோள், 1981. அதன் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. லாரியில் வைத்தால் அதன் இரும்பு சோதனையைக் கெடுக்கும். மர வண்டி கெடுக்காது. கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேடை அது. ஆப்பிள் அந்த ஆண்டு ஜூன் 19-இல் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது.

சைக்கிள் படம் வேறு. ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப் போவது கேரளத்தின் தும்பாவில், 1960-களில். அங்கே வசதிக் குறைவு உண்மைதான்.

இரண்டையும் கலந்து சொன்னால் பிள்ளைகள் வறுமையை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். மாட்டு வண்டியில் இருக்கும் இயற்பியல் போய்விடும். என் வகுப்பில் படத்தைக் காட்டி, "ஏன் வண்டி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். ரேடியோவைப் பீரோவுக்குள் வைத்தால் சரியாக எடுக்காது என்று யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். அங்கிருந்து பாடம் தானாக நகரும்.

12 ஜூலை 2025

நாகர்கோவில் நண்பருக்கு: உங்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா எதற்கு? தும்பாவுக்குப் போங்கள், திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம். மீனவர்களின் மகதலேனா மரியாள் தேவாலயம் விக்ரம் சாராபாய் கேட்டதன்பேரில் கொடுக்கப்பட்டது, பங்கு மக்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியவர் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா. முதல் அலுவலகம் அந்தக் கோயில் கட்டடம், இன்று அதுவே விண்வெளி அருங்காட்சியகம். பூமியின் காந்த நடுக்கோடு (காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) தும்பாவுக்குப் பக்கத்தில் போவதால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காம்பஸ் ஊசியைக் கையில் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

எதிர்ப் பக்கம் இருக்கும் மகேந்திரகிரி மலையையும் இன்னொரு நாள் காட்டுங்கள். காவல்கிணறு பக்கம் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாலே போதும். ராக்கெட்டின் திரவ இன்ஜின்களை அங்கேதான் எரித்துச் சோதிக்கிறார்கள். இஸ்ரோவின் இன்றைய தலைவர் வி. நாராயணன் உங்கள் மாவட்டக்காரர், மேலகாட்டுவிளை. முன்னாள் தலைவர் கே. சிவன் சரக்கல்விளை. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்கள்.

சிவகாசி ஆசிரியரின் கேள்வி அருமை: "எங்கள் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?" உங்கள் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் இருக்கிறது. பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலையில் (முதலில் எரிந்து கழன்று விழும் அடிப்பகுதியில்) இருப்பது திட எரிபொருள், ஏறத்தாழ 138 டன். அம்மோனியம் பெர்குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, அலுமினியத் தூள் எரிகிறது, எச்.டி.பி.பி. என்ற ரப்பர் வகைப் பொருள் இரண்டையும் பிடித்துவைத்துக்கொண்டு தானும் எரிகிறது. அலுமினியத் தூளை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெடிக்காமல் சீராக எரிய வைப்பது எப்படி, பற்றவைத்த பிறகு அணைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். முடியாது. அதனால்தான் திட எரிபொருளைத் தொடுகிற ஒவ்வொரு வேலையிலும் அவ்வளவு கட்டுப்பாடு. பட்டாசு ஆலையில் அம்மாவோ அப்பாவோ வேலை செய்யும் பிள்ளை, பாதுகாப்பு விதி என்றால் என்ன என்பதை அங்கே நேரில் பார்க்கட்டும். அதை ஊருக்குக் கொண்டுவந்து பேசட்டும்.

20 ஜூலை 2025

ஏவுதல் நாளில் எங்கள் ஊர் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. முன்கூட்டியே அறிவிப்பு வரும். ராக்கெட் தள்ளிப் போனால் இன்னொரு நாள் கூலியும் போகும். போன பயணத்தில் எங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதைத்தான் கேட்டாள். "ராக்கெட் துண்டு எங்க விழும் சார்? வலையில மாட்டினா யார்கிட்ட குடுக்கணும்?" விஷயம் தெரிந்தே கேட்டாள், அவள் வீட்டில் பேசியிருக்கிறார்கள்.

அதிகாரி தட்டிக் கழிக்கவில்லை. வரைபடத்தை எடுத்து எந்த நிலை எங்கே கழன்று விழும் என்று காட்டினார். வெறும் எண்கள் இல்லை, அவள் அப்பா போகும் கடல் அந்தப் படத்தில் இருந்தது. எல்லாமே பக்கத்தில் விழுந்துவிடாது என்பதையும் சொன்னார். 2023-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒதுங்கிய பெரிய உருளை பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் நிலை என்று உறுதியானதைச் சொன்னதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

இப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். "நாட்டின் பெருமை பார்க்க வந்திருக்கிறோம், இதெல்லாம் கேட்கலாமா" என்று அன்றைக்கே ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கலாம். கேட்டதற்கு நேராகப் பதில் வந்ததும் அவளுக்கு அந்த இடத்தின் மேல் மதிப்பு கூடியது, குறையவில்லை.

31 ஜூலை 2025

நேற்று மாலை 5.40-க்கு நைசார் செயற்கைக்கோள் போனது. பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளை ஹைடெக் லேபில் உட்கார வைத்து நேரலை பார்த்தோம். கிளம்பியதும் பாதிப் பேர் மாடிக்கு ஓடிவிட்டார்கள்.

கிழக்கே ஏவினால் பூமியின் வேகம் கிடைக்கும் என்று 22 ஜூன் குறிப்பில் எழுதியிருந்தேன். நேற்றைய ராக்கெட் அந்த வகை இல்லை. நைசார் துருவங்களின் மேலாகச் சுற்றி 12 நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தைப் படம் எடுக்க வேண்டிய செயற்கைக்கோள். அதற்குத் தெற்கே போக வேண்டும், கிழக்கு வேகத்தால் பலன் இல்லை. தெற்கே நேராகப் போனால் இலங்கை குறுக்கே வருகிறது. மக்கள் வாழும் நிலத்தின் மேல் பறக்கக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய் அப்புறம் திரும்புகிறார்கள். திரும்புவதற்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளத்தின் காரணமே இதுதான். அங்கிருந்து தெற்கே நேராகக் கடல்தான்.

இதைச் சொல்லிக் கொடுக்காமல் ஓர் உலக உருண்டையையும் நூலையும் கொடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு முனை, தென் துருவத்தில் மறு முனை. நூல் இலங்கையைத் தொட்டதும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி ஆசிரியர்கள் இதை இந்த வருடமே செய்யுங்கள், உங்கள் பிள்ளைகளை நீங்கள் நாளைக்குக் கூட்டிப் போகப் போவது அங்கேதான்.

3 ஆகஸ்ட் 2025

கவுன்ட் டவுன் சொல்லும் குரல் யாருடையது என்று ஒருவர் கேட்டிருந்தார். பல ஆண்டுகள் நாம் கேட்டது இஸ்ரோவின் வளர்மதியின் குரல். 2023 செப்டம்பரில் காலமானார். பெண் பிள்ளைகளுக்கு இவரையும், சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகார் ஷாஜியையும், சந்திரயான்-2 திட்ட இயக்குநர் எம். வனிதாவையும் பெயரோடும் செய்த வேலையோடும் சொல்லுங்கள். "பெண்களும் சாதிக்கலாம்" என்ற பொதுப் பேச்சு வேண்டாம்.

24 ஆகஸ்ட் 2025

நேற்று தேசிய விண்வெளி தினம், சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். பள்ளியில் நாமக்கல் மண் கதையைச் சொன்னேன். நிலவின் மேட்டு நிலத்தில் இருக்கும் அனார்த்தசைட் பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களிலும் இருக்கிறது. அதைப் பொடித்து நிலவின் மண்போல ஆக்கித்தான் லேண்டரையும் ரோவரையும் சோதித்தார்கள். நாமக்கல் ஆசிரியர்கள் முதலில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டிய இடம் உங்கள் ஊர்ப் பாறைதான். பஸ்ஸே வேண்டாம்.

யாரைக் கூட்டிப் போவது என்ற பழைய பேச்சுக்கு வருகிறேன். "ரேங்க் வேண்டாம் என்றால் எதை வைத்து எடுப்பது?" என்று கேட்டவர்களுக்கு நான் தனியே சொன்ன யோசனை, நல்ல கேள்வி எழுதிக் கொடுப்பவர்களை எடுங்கள் என்பது. அதற்குத் திருப்பத்தூர் டீச்சர் எழுதிய பதிலை நிறைய நாள் யோசித்தேன். "எழுதச் சொன்னால் அங்கேயும் எழுதத் தெரிந்தவர்கள்தான் முன்னுக்கு வருவார்கள்" என்கிறார். நியாயம்தான். கேஸ்கட் கேட்ட பையனைத் தாளில் எழுதச் சொல்லியிருந்தால் வெள்ளைத் தாளைக் கொடுத்திருப்பான். அதனால் இப்போது நான் நினைப்பது இப்படி. கேள்வியை வாயால் சொல்லலாம், வரையலாம், பொருளைக் கொண்டுவந்து காட்டலாம். ஒரு வாரம் வகுப்பில் பெட்டி வைக்கலாம், பெயர் எழுத வேண்டாம். யாருடைய கேள்வி என்று தெரியாமல் பிள்ளைகளே பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கட்டும். பஸ்ஸில் ஏறுவது யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். தேர்ந்த கேள்விகளைக் குலுக்கலில் வந்தவர்கள் கொண்டுபோய்க் கேட்டுவர வேண்டும், வராத பிள்ளையின் கேள்வியும் பயணம் போகும். திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

குலுக்கலில் முதல் ரேங்க் பிள்ளை விடுபட்டால் பெற்றோர் கோபப்படுவார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ 2019 முதல் யுவிகா என்ற முகாம் நடத்துகிறது, தங்கிப் படிக்கலாம். மார்க்கோடு, கிராமப்புறப் பள்ளியில் படித்தால் அதற்கும் தனி மதிப்பெண் தருகிறார்கள். விண்ணப்பம் இணையத்தில். நன்றாகப் படிக்கும் பிள்ளையை அதற்குத் தயார் செய்யுங்கள். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அப்போது இஸ்ரோ மையங்களே பள்ளி, கல்லூரிகளுக்குக் கண்காட்சி கொண்டுவரும். உங்கள் மாவட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்து வையுங்கள்.

7 செப்டம்பர் 2025

செய்யாறு ஆசிரியருக்கு அனுமதிக் கடிதம் வந்துவிட்டதாம். தலைமை ஆசிரியர் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டாராம், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தாய் எழுந்து பேசியதால். மனசு நிறைந்தது.

அவருடைய புதுக் கேள்வி: குலுக்கலில் வந்தவர்களில் ஒரு பையனுக்குக் காலில் காலிப்பர் (நடக்க உதவும் தாங்கி), அழைத்துப் போகலாமா, பத்திரமாக வீட்டிலேயே இருக்கட்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

அழைத்துப் போங்கள். அனுமதிக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே இதைக் குறிப்பிட்டு, எங்கெங்கே படி ஏற வேண்டும், வண்டி எதுவரை போகும் என்று கேளுங்கள். பஸ்ஸில் படிக்குப் பக்கத்து இருக்கை. கூட நடக்க ஒரு நண்பனை அவனே தேர்ந்தெடுக்கட்டும். வரிசையின் வேகம் அவனுடைய வேகமாக இருக்கட்டும், மெதுவாகப் போனால் எல்லோருக்குமே நிறையத் தெரியும். காலிப்பர் செய்வதில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கும் பங்கு உண்டு. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கலப்புப் பொருளை வைத்து லேசான காலிப்பர் செய்ததில் அப்துல் கலாம் நேரடியாக ஈடுபட்டார். அவன் அணிவது என்ன பொருள், எவ்வளவு எடை என்று போவதற்கு முன்பே தராசில் வைத்துப் பார்க்கட்டும். அங்கே கேட்க அவனிடம் கேள்வி இருக்கும்.

9 செப்டம்பர் 2025

திரும்பி வந்ததும் "ஸ்ரீஹரிகோட்டா சென்று வந்தோம்" என்று கட்டுரை எழுத வைக்காதீர்கள். எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரைதான் வரும். பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, வகுப்பின் பெயரில் அந்த மையத்துக்கே கடிதம் போடுங்கள். பதில் வந்தால் பிரார்த்தனைக் கூட்டத்தில் படியுங்கள். வரத் தாமதமானால் அந்தக் கேள்விகளை அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பிடம் கொடுங்கள்.

பஸ் வாடகை ரசீதைத் தணிக்கைக்கு எடுத்து வையுங்கள். நகலும் ஒன்று.